முற்றத்தில் காயாத மிளகு

“எங்க மிளகு உங்க நெஞ்சுக்கு என்னங்க பண்ணுச்சு, டீச்சர்?” பக்கத்து வீட்டுப் பழனியம்மாள் அக்கா போன மாசியில் கேட்டார்.

நாகப்பட்டினத்திலிருந்து கொல்லிமலைப் பள்ளிக்கு ஆசிரியையாக வந்து மூன்று வருடங்களாகின்றன. கணவர் ஊரிலேயே இருக்கிறார். எங்கள் ஊரில் வாசலில் காய்வது மீன், இங்கே மிளகு. எனக்கும் அக்காவுக்கும் ஒரே முற்றம். நான் பள்ளிக்குப் போனால் என் மகளை இடுப்பில் வைத்தபடியே காலால் மிளகைக் கிளறிவிடுவார்.

மகளுக்கு ஒன்பது மாதமானபோது, மிளகு காய்ந்த வாரத்தில், எனக்கு முதன்முதலாக மூச்சிளைப்பு வந்தது. தூசிதான் காரணம் என்று நானே முடிவு கட்டி, மிளகை எடுக்கச் சொன்னேன். அப்போதுதான் அந்தக் கேள்வி. “காரம் மூக்குலதானுங்க ஏறும்” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மறுநாள் மிளகு காயும் பாய், வீட்டுக்குப் பின்னால் பலாமர நிழலுக்குப் போனது. தொடர்ந்து மூடுபனி. அவ்வருட மிளகு முழுவதும் பூஞ்சணம் பிடித்தது.

முற்றம் காலியான பிறகும் இளைப்பு வந்தது. நாமக்கல் டாக்டர் நாட்களைக் குறித்து வரச் சொன்னார். மூன்று மாதமும் மாதவிலக்குக்கு இரண்டு நாள் முன்னால்தான் வந்திருந்தது. ஆஸ்துமா என்றார். நுரையீரலில் காவலுக்கு இருக்கும் நோய் எதிர்ப்புச் செல்களைப் பெண் ஹார்மோன்கள் சிலருக்குச் சீண்டிவிடுமாம். ஆண் ஹார்மோன் அடக்கி வைக்குமாம். சிறுவயதில் பையன்களுக்கு அதிகம் வரும் ஆஸ்துமா, பருவமடைந்தபின் பெண்கள் பக்கம் சாய்வதற்கு அதுவும் ஒரு காரணமாம். என் மகளை நினைத்துக்கொண்டேன். அப்படியானால் மிளகு? “அதுவும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாதும்மா” என்றார். இன்ஹேலர் கொடுத்தார். மூச்சு சீரானது.

அக்கா இன்றும் மகளைப் பார்த்துக்கொள்கிறார். ஆனால் தூக்குமுன் குழாயடியில் கை கழுவி, என்னிடம் விரித்துக் காட்டுகிறார். மிளகு இல்லாத மாதங்களிலும் காட்டினார்.

மறுபடி மாசி. டாக்டர் சொன்ன காரணத்தைச் சொல்லத் துணியாமல், பாயை முற்றத்திலேயே போடுங்கள் என்று மட்டும் கேட்டேன்.

“இருக்கட்டுங்க. மாறுதல் வந்தா நீங்க ஊருக்குப் போயிருவீங்க. அப்புறமா இங்க காயப்போட்டுக்கறேன்.”

மாறுதலுக்கு நான் விண்ணப்பித்திருப்பது அவருக்குத் தெரியாது. மகள் முற்றத்தைக் கடந்து அவர் வீட்டுக்கே முதலில் ஓடுகிறாள். வெளியூரில் பிள்ளை வளர்ப்பவர்களே, பாதிதான் தெரிந்த ஓர் உண்மையை வைத்துக்கொண்டு அவரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது? தெரிந்தால் எழுதுங்கள்.