அடைப்புக்குறி இல்லாத பலகை

"ரெண்டு பேர்ல ஒருத்தர் கணக்கு தப்பு. சாயங்காலத்துக்குள்ள யாரோடதுன்னு தெரியணும். தப்பானவங்க நாளையிலருந்து வர வேண்டாம்."

ஸ்பின்னிங் மாஸ்டர் இப்படிச் சொல்லிவிட்டு ஷெட்டுக்குள் போய்விட்டார். எதிரே சுகுணா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

எண்பதுகளின் கடைசியில், ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை. நான் கம்ப்யூட்டர் ஆப்பரேட்டர், சுகுணா லேப் டெஸ்டர். இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரே பஸ்ஸில் வருவோம். இருவருக்கும் வேலை நிரந்தரமாகவில்லை. கம்ப்யூட்டர் ஒத்துவராவிட்டால் அதோடு என்னையும் அனுப்பிவிடுவார்கள் என்பது மில்லில் எல்லோருக்கும் தெரியும்.

நூலின் பருமனைக் கவுண்ட் என்போம். குறிப்பிட்ட நீளம் நூலைத் தட்டில் வைத்து நிறுத்துக் கவுண்ட் கண்டுபிடிப்பார்கள். மழைக்காலத்தில் நூல் ஈரத்தை இழுத்துக் கனக்கும் என்பதால் அதற்கு ஒரு திருத்தமும் உண்டு. லேப் பலகையில் எழுதியிருந்தது இதுதான்: மொத்த எடை − தட்டு எடை × ஈரத் திருத்தம். மதுரையிலிருந்து வந்த இன்ஜினியர் அதைப் பார்த்து அப்படியே பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். வெயில் காலம் முழுக்கக் கம்ப்யூட்டரும் சுகுணாவின் கால்குலேட்டரும் அச்சு பிசகாமல் ஒரே விடை சொல்லின. மலைப்பக்கம் மழை இறங்கியதும் பிடித்தது சனியன். நூல் தடிமன் என்றது கம்ப்யூட்டர், சரியாக இருக்கிறது என்றது கால்குலேட்டர். எதை நம்பி, நூலின் பருமனைச் சரிசெய்ய மெஷினில் கியர் மாற்றுவது? தப்பாக மாற்றினால் ஷெட் முழுக்க நூல் அறுந்து தொங்கும்.

"நீதான் ஏதோ தப்பா அடிச்சிருக்கே" என்றேன், கோபமாக.

"ஏட்டி, மழை பெஞ்சதுலருந்து கோட்டி பிடிச்சது ஒன் பொட்டிக்கு. எங்கிட்ட ஏன் ஏறுத?"

மத்தியானம் பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்தேன். டப்பாவை மூடிவிட்டு லேப்புக்குப் போனேன். "செத்த நேரம் மெதுவா அழுத்திக் காட்டு, நான் பாக்கேன்" என்றேன்.

மொத்த எடையை அழுத்தினாள். கழித்தல். தட்டு எடை. பிறகு பெருக்கல் குறி.

"நில்லு! இப்ப என்ன தெரியுது?"

"கழிச்ச விடை."

"நீ இன்னும் பெருக்கவே இல்லையே?"

"பெருக்கல் குறியைத் தொட்டதும் கழிச்சிரும்ட்டி. எப்பவும் அப்பிடித்தான்."

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. அவளுடைய கால்குலேட்டர் வந்த வரிசையில் கணக்குப் போடும். மில்லில் சூத்திரத்தைப் பொத்தான் அழுத்தும் வரிசையில்தான் பலகையில் எழுதுவார்கள். அங்கே அடைப்புக்குறிக்குத் தேவையே இருந்ததில்லை. பேசிக் அப்படியில்லை. கழித்தல் முன்னால் நின்றாலும் பெருக்கலை முதலில் முடிக்கும். பத்து கழித்தல் நாலு பெருக்கல் இரண்டு என்றால் அவளுக்குப் பன்னிரண்டு, எனக்கு இரண்டு. வெயில் காலத்தில் ஈரத் திருத்தம் வெறும் ஒன்று. ஒன்றால் எதைப் பெருக்கினால் என்ன, வித்தியாசம் தெரியவில்லை.

கம்ப்யூட்டருக்குத் திரும்பிப் போய், புரோகிராமில் கழித்தலைச் சுற்றி அடைப்புக்குறி போட்டு ஓடவிட்டேன். சுகுணாவின் விடை திரையில் வந்தது. மாஸ்டரைக் கூப்பிட ஓடினேன்.

மாஸ்டர் தானே இரண்டிலும் சில எண்களைப் போட்டுப் பார்த்தார். "அப்போ யாரை அனுப்புறது?" என்றார். எங்களை மாறி மாறிப் பார்த்தார். "சரி சரி, கியரைத் தொட வேண்டாம்னு போய்ச் சொல்லுங்க. பலகையிலயும் அந்த வளைவைப் போட்டு விடுங்கம்மா."

பஸ்ஸில் சுகுணா மெதுவாகச் சொன்னாள்: "கம்ப்யூட்டர் தப்பா இருக்கணும்னு ஆண்டாளுக்கு நேந்துக்கிட்டேன்ட்டி."

"நானுந்தான். கால்குலேட்டர் தப்பா இருக்கணும்னு."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசியது. அப்புறம் சிரிப்பு வந்தது, அதற்குள் அவள் கண் கலங்கிவிட்டது. ஊர் வந்ததும் நேரே கோயிலுக்குப் போய், ஒரே தேங்காயை இருவர் பேரிலும் உடைத்தோம்.

பிறகு எத்தனையோ புரோகிராம் எழுதினேன். தேவையில்லாத இடத்திலும் அடைப்புக்குறி போடுகிறேன் என்று இளைஞர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். எதை முதலில் செய்வது என்பதை மெஷினின் வழக்கத்துக்கு விடாதீர்கள், நீங்களே எழுதிவிடுங்கள். அந்த இரண்டு வளைவு இல்லாமல் ஒரு மத்தியானம் முழுக்க நான் என் சிநேகிதிக்கு வேலை போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.