தடை ஒன்றுமில்லை என்று சொன்ன குழு

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை தேனிக்குப் போனேன். பெரிய நிறுவனங்களுக்கென்று வெளிநாட்டில் வகுத்த மேலாண்மை முறைகளை இங்குள்ள ஐ.டி. மாணவர்களுக்கு எப்படிக் கற்றுத் தருகிறார்கள் என்று பார்க்க ஆசை. ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் அந்தப் பாடம் எடுப்பவர் செல்வராணி. காலையில் பிள்ளைகள் வட்டமாக நிற்கும்போது வந்தால்தான் புரியும் என்றார்.

மதுரை ஆரப்பாளையத்தில் ஆறு மணிப் பேருந்து. சுமார் எழுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். தேனியிலிருந்து ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். “எந்தப் பிள்ளைக்கு சார் அட்மிசன்?” என்று ஓட்டுநர் கேட்டார். எனக்குத்தான் என்றேன். நம்பவில்லை.

தினம் காலையில் குழுவாக நின்று வேலையைப் பேசும் ஸ்க்ரம் என்ற முறைப்படி இறுதியாண்டு மாணவர் ஐவர் நின்றுகொண்டிருந்தார்கள். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், எனக்கு என்ன தடை என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். திராட்சை பறிக்கும் ஆட்கள் எந்த நாள் எந்தத் தோட்டத்துக்குப் போவது என்று செல்பேசிக்குச் செய்தி அனுப்பும் செயலி அவர்களுடையது. அன்று பிற்பகல் சுருளிப்பட்டி விவசாயி ராஜேந்திரனிடம் அதைக் காட்டப் போகிறார்கள். அவர் சரி என்றால் மறுநாள் அறுவடைக்கே பயன்படும்.

“தடையா? ஒண்ணுமில்ல மேடம்” என்று ஐவரும் சொன்னார்கள்.

எல்லாருமாகக் கம்பம் பேருந்தில் ஏறினோம். நாற்பது கிலோமீட்டர். வழியில் குழுத்தலைவி நிவேதா தன் செல்பேசிக்கே ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தாள். வரவில்லை. மறுபடியும் அனுப்பினாள். அந்தப் பகுதியை எழுதிய பாண்டி ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

“நாலு நாளா இப்படித்தான்” என்றான் குழுவில் இன்னொருவனான கார்த்திக்.

“தெரிஞ்சே வாய மூடிட்டு நின்னியா?” என்றாள் நிவேதா.

“பாண்டி எங்க மச்சான். அண்ணன் கட்டுனது அவுக அக்காவத்தான். அத்தன பேரு முன்னாடி எப்படிச் சொல்ல?”

“ஏலே, ப்ராஜக்ட் செய்ய வந்தீகளா, மொய் செய்ய வந்தீகளா?” என்று குழுவில் இன்னொருவன் கேட்டதும் மற்றவர்கள் சிரித்தார்கள்.

செல்வராணி சிரிக்கவில்லை. புத்தகத்தில் தடை என்பது வேலையைப் பற்றியது, இங்கே அதைச் சொன்னால் ஓர் ஆளைச் சொன்னதாகிவிடுகிறது என்றார் என்னிடம்.

தோட்டத்தில் நிவேதா மறைக்கவில்லை. “அண்ணே, மத்ததெல்லாம் ஓடுது. மெசேஜ் மட்டும் போகல.”

ராஜேந்திரன் திராட்சைப் பந்தலை நிமிர்ந்து பார்த்தார். “வெடிஞ்சா ஆளு இங்கன நிக்கணும் ஆத்தா. இந்த அறுப்புக்கு வேண்டாம். அடுத்ததுக்குக் கொண்டாங்க.” ஆளுக்கொரு கொத்துப் பழம் தந்தார். அடுத்த அறுவடைக்கு அந்த ஐவரும் கல்லூரியில் இருக்கமாட்டார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: கம்பத்திலிருந்து சுருளிப்பட்டிக்கு டவுன் பஸ் உண்டு. தோட்டத்துக்குள் கேட்டுவிட்டு நுழையுங்கள். பழத்தைக் கழுவாமல் சாப்பிடாதீர்கள், மருந்து அடித்திருப்பார்கள். இந்தப் பாடம் எடுப்பவர்களுக்கு என் யோசனை ஒன்றுதான். வட்டம் கூடும் முன் ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள்.

திரும்பும் பேருந்தில் பாண்டி தனியாக முன்னால் உட்கார்ந்திருந்தான். சின்னமனூர் தாண்டியதும் கார்த்திக் எழுந்துபோய் அருகில் உட்கார்ந்தான். நான் அவர்களுக்கு நேர் பின்னிருக்கையில் இருந்தேன்.

“நீ சொல்லிருந்தா ஒரு வாரம் உங்கூடப் பேசிருக்க மாட்டேன்டா” என்றான் பாண்டி. “ஆனா மெசேஜ் போயிருக்கும்.”