ஆறு பேர், ஐந்து அரைப்புள்ளிகள்

நாகர்கோவிலில் நான் வேலை பார்த்த அலுவலகம் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது. வெளிநாட்டில் அச்சாகும் ஆங்கிலப் புத்தகங்கள் பிழை திருத்துவதற்காக எங்களிடம் வரும். குதிரை வளர்ப்பு, பல் மருத்துவம், ஏதோ ஒரு நாட்டின் பழைய சட்டங்கள், எது வந்தாலும் வரி விடாமல் படிக்க வேண்டும். புத்தகம் சொல்லும் விஷயத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை. எழுத்துப் பிழையும் நிறுத்தக்குறிகளும்தான் எங்கள் பாடு. பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருந்தோம். நான் கொட்டாரத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். என் பக்கத்து நாற்காலியில் இருந்தவள் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலிருந்து வருவாள். அப்பா, அண்ணன் எல்லோரும் கடலுக்குப் போகிற வீடு. ஆங்கில இலக்கியம் படித்த முதல் ஆள் அந்தத் தெருவிலேயே அவள்தான்.

கமாவும் ஃபுல் ஸ்டாப்பும் எங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் யாரும் வற்புறுத்தியதில்லை. வேலைக்கு வந்த பிறகுதான் ஒரு சின்னக் கோட்டுக்குள் மூன்று கோடுகள் இருப்பது தெரிந்தது. இரண்டு சொல்லை ஒட்டவைக்கக் குட்டைக் கோடு. பத்தாம் பக்கம் முதல் இருபதாம் பக்கம் வரை என்று காட்ட அதைவிடச் சற்று நீளமானது. வாக்கியத்தின் நடுவே பேச்சை முறித்து இன்னொன்றைச் சொல்ல எல்லாவற்றிலும் நீளமானது. மேற்கோளுக்குள் பதிப்பாசிரியர் தன் சொல்லை நுழைத்தால் அதைச் சதுர அடைப்புக்குள்தான் போட வேண்டும். வளைந்த அடைப்பு போட்டால் அது மூல ஆசிரியர் சொன்னதாகிவிடும். மேற்கோளில் சில சொற்களை விட்டுவிட்டால் மூன்று புள்ளி. மூன்றுதான். நாலைந்து வைக்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு எரிச்சல் வரும்.

எனக்குப் பிடிபடாமல் போனது செமிகோலன். அதைக் கண்டாலே ஃபுல் ஸ்டாப்பாக மாற்றிவிடுவேன். ஒருநாள் அவள் என் திரையை எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, அந்த மனுசன் ரெண்டு வாக்கியத்தையும் ஒரே மூச்சில நெனச்சு எழுதியிருக்காரு. நீ எதுக்கு நடுவில வெட்டுக?"

"ஃபுல் ஸ்டாப் வெச்சா தப்பா?"

"தப்பில்ல. ஆனா அவரு நெனச்சது அது இல்லல்லா."

அவள் ஆங்கிலப் பெயரைச் சொல்ல மாட்டாள். தமிழ் வகுப்பில் படித்தபடி கமாவைக் கால்புள்ளி, செமிகோலனை அரைப்புள்ளி, கோலனை முக்காற்புள்ளி என்றே சொல்வாள். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது பெயரிலேயே இருக்கிறதே, பின்ன எதற்கு வேறு பெயர் என்பாள். அரைப்புள்ளிக்கு இன்னொரு வேலை உண்டு என்பதையும் அவளிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். ஒரு பட்டியலில் வருகிற ஒவ்வொன்றுக்குள்ளும் ஏற்கெனவே கமா இருந்தால், ஒன்றை அடுத்ததிலிருந்து பிரிக்கக் கமா போதாது. அங்கே அரைப்புள்ளி வேண்டும். நான் தலையாட்டிவிட்டு மறந்துபோனேன்.

மத்தியானம் அவள் டிபன் பாக்ஸைத் திறந்தால் அறை முழுக்க மீன்குழம்பு மணக்கும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மீன் கிடையாது. அவளுக்கும் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்து வெள்ளியில் கிடையாது. அந்த நாட்களில் இரண்டு பேரும் என் வீட்டுப் புளிக்கறியைப் பங்கு வைத்துச் சாப்பிடுவோம். அந்த மாடியறையை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த அரைமணி நேரம்தான்.

நாங்கள் சேர்ந்து மூன்றாவது வருஷம் அவளுடைய அண்ணன் வளைகுடாவில் பிடிபட்டார். அங்கே ஒரு முதலாளியின் படகில் மீன் பிடிக்கப் போயிருந்தவர். படகு பக்கத்து நாட்டுக் கடல் எல்லைக்குள் போய்விட்டது. படகில் இருந்த ஆறு பேரையும் அந்த நாட்டுக் காவல் படை கொண்டுபோய் அடைத்துவிட்டது. ஆறு பேரும் நம் மாவட்டத்துக் கடற்கரை ஊர்க்காரர்கள். வேறொரு படகில் இருந்தவர் அனுப்பிய குரல் செய்தி வழியாகத்தான் வீட்டுக்குத் தெரிந்தது. அவள் நான்கு நாள் வேலைக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தாள். வழக்கம்போலப் படித்தாள். பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும்தான் ஒரே பக்கத்தை அவள் திரும்பத் திரும்பப் படிப்பது தெரிந்தது.

ஊரில் யாரோ டவுனில் ஒரு டைப்பிங் சென்டரில் சொல்லி அந்த நாட்டிலுள்ள நம் தூதரகத்துக்கு ஆங்கிலத்தில் மனு எழுதி அனுப்பியிருந்தார்கள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அவள் அந்தப் பதிலையும் மனுவின் நகலையும் என் முன்னால் வைத்தாள். தங்கள் மனுவில் பன்னிரண்டு பேர் குறிப்பிடப்பட்டிருக்கிறார்கள், காவலில் இருப்பதாகத் தெரியவருவது ஆறு பேர், மற்றவர்களைப் பற்றி விளக்கம் தேவை என்று அதில் இருந்தது.

"பன்னெண்டு பேரா?" என்றேன்.

"மனுவைப் படி."

படித்தேன். ஒவ்வொருவருக்கும் அவர் பெயர், கமா, அப்பா பெயர், கமா, ஊர். அடுத்தவருக்கும் அதே மாதிரி. நடுவில் 'மகன்' என்ற சொல்லும் இல்லை. கடற்கரையில் அப்பாவுக்கும் புனிதர் பெயர், மகனுக்கும் புனிதர் பெயர். எங்கோ ஒரு மேசையில் இருந்து அதைப் படிக்கிறவருக்கு எது அப்பா, எது மகன் என்று எப்படித் தெரியும்? ஒரு ஊருக்கு இரண்டு பேர் என்று எண்ணியிருக்கிறார். அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மனுவின் கடைசியில் 'அவர்கள் மிகவும் கஷ்டப்படுகிறார்கள்' என்ற வாக்கியத்துக்குப் பிறகு வரி முடியும் வரை புள்ளிகள், அதற்கப்புறம் ஏழு ஆச்சரியக்குறிகள்.

அவள் காகிதத்தை வாங்கி மடித்தாள். "மூணு வாரம் போச்சு. ஒரு அரைப்புள்ளி இல்லாம மூணு வாரம் போச்சு கேட்டியா," என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். அதுவரை அவள் அழுது நான் பார்த்ததில்லை.

அன்றைக்கே உட்கார்ந்து புதிதாக எழுதினோம். கட்டம் போட்டு, வரிசை எண் கொடுத்து, அட்டவணையாக அனுப்பலாம் என்றேன் நான்.

"வேண்டாம் மக்கா. இது யார் யாருக்கோ ஃபார்வர்டு ஆகும். யாராவது போன்ல தொறந்தா கட்டமெல்லாம் கலைஞ்சு போகும். வாக்கியம் கலையாது."

பின்வரும் ஆறு பேர் என்று எழுதி முக்காற்புள்ளி வைத்தாள். பிறகு ஒவ்வொருவராக: பெயர், கமா, இன்னாருடைய மகன், கமா, ஊர், வளைந்த அடைப்புக்குள் பாஸ்போர்ட் எண். அப்புறம் அரைப்புள்ளி. ஆறாவது ஆளுக்குப் பிறகு மட்டும் முற்றுப்புள்ளி. அண்ணன் பெயரை அவள் முதலில் போடவில்லை; அகர வரிசையில் நாலாவதாக வந்தது, அங்கேயே விட்டாள். படகு பிடிபட்டிருக்கக்கூடிய இரண்டு தேதிகளுக்கு நடுவே அந்த நடுத்தர நீளக் கோட்டைப் போட்டாள். நான் மூன்று தடவை படித்துப் பார்த்தேன். பல் மருத்துவப் புத்தகத்தை ஒரு நாளும் அப்படிப் படித்ததில்லை.

ஆறு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு எல்லோரும் அவள் வீட்டில் கூடினார்கள். நானும் போயிருந்தேன். முன்னறையில் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் மடியில் கைக்குழந்தை. அவளுடைய அம்மா பழைய மனுவையும் புது மனுவையும் இரண்டு கையில் வைத்துப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் பழையதின் கடைசியில் வரிசையாக நின்ற குறிகளை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இதெல்லாம் எங்க? எடுத்துட்டியா?"

"அது வேண்டாம்மா. தப்பு."

"எம் மவனுக்க கஷ்டம் அதுல தெரியாண்டாமா?"

அறையில் இருந்தவர்களும் அவளைத்தான் பார்த்தார்கள். இலக்கண விதி இன்னது என்று அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? நானாக இருந்தால் ஒரு ஆச்சரியக்குறியாவது சேர்த்திருப்பேன். அவள் சேர்க்கவில்லை. "நான் படிச்சுக் காட்டுகேன், கேளு. பெறவு சொல்லு," என்றாள்.

மனுவைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். ஆறு பேர் பட்டியல் வந்ததும் வேகத்தைக் குறைத்தாள். ஒருவருடைய பெயர், அவருடைய அப்பா பெயர், ஊர் சொல்லி நிறுத்தினாள். மூலையில் இருந்த ஒரு பெண் தலையை நிமிர்த்தினாள். அடுத்த பெயர், நிறுத்தினாள். குழந்தையோடு இருந்தவர்களில் ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு அரைப்புள்ளியிலும் ஒரு வீடு நிமிர்ந்து பார்த்தது. நாலாவதாக அண்ணன் பெயரைச் சொன்னவள் அடுத்ததுக்குப் போகாமல் அம்மாவைப் பார்த்தாள். அவளுடைய அம்மா, "ம், மேல படி," என்றார். படித்து முடித்ததும், "போதும். இது போதும்," என்று சொல்லி முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார்.

பதினைந்து நாளில் பதில் வந்தது. கீழ்க்கண்ட ஆறு பேர் தொடர்பாக நடவடிக்கை எடுக்கப்படுகிறது என்று தொடங்கி, அவள் எழுதிய வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். ஐந்து அரைப்புள்ளியும் இருந்த இடத்திலேயே இருந்தன. அவள் அதை எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டினாள்.

இன்னும் இரண்டு மாதம் ஆனது அவர்கள் திரும்பி வர. அரைப்புள்ளிதான் அவர்களை விடுவித்தது என்று சொன்னால் பொய். யார் யாரோ நடந்தார்கள், எத்தனையோ வாசலில் நின்றார்கள். ஆனால் அந்தப் பதிலுக்குப் பிறகு எத்தனை பேர் என்று யாரும் எங்களிடம் கேட்கவில்லை.

திருவனந்தபுரத்தில் இறங்கி வந்த அண்ணனைப் பார்க்க அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். மெலிந்து கறுத்துப் போயிருந்தார். தங்கை எழுதிய மனுவைப் பற்றி அம்மா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அந்தக் காகிதத்தை வாங்கித் தன் பெயரைத் தேடினார்.

"என்னை எதுக்குட்டி நாலாவதாப் போட்ட?" என்றார்.

"வரிசை அப்பிடித்தான் வந்துது."

அவர் சிரித்தார். வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் சிரித்தார் என்று அவள் பிறகு என்னிடம் சொன்னாள். ஒரு வருஷத்தில் அவர் மறுபடியும் வளைகுடாவுக்குப் போனார், வேறொரு முதலாளியிடம். அந்த வீட்டில் அதைத் தடுக்க யாருக்கும் வழி தெரியவில்லை.

அந்த அலுவலகம் இப்போது இல்லை. வேலையில் பாதியை மென்பொருள் செய்கிறது. மிச்சத்தை நாங்கள் சிலர் அவரவர் வீட்டிலிருந்து செய்கிறோம். நான் கொட்டாரத்தில் மாடியறையில் உட்கார்ந்து படிக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே வயல். திரையில் ஒரு குறி தவறாக இருந்தால் அதன் கீழே நீலக் கோடு தானாக விழுகிறது. பெரும்பாலும் சரியாகத்தான் விழுகிறது. என்ன, பக்கத்தில் யாரோடும் வாதாட வேண்டியதில்லை. மத்தியானம் தனியாகச் சாப்பிடும்போது அது உறைக்கும்.

அவள் கல்யாணமாகிக் கத்தாருக்குப் போய் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். போன விடுமுறைக்கு வந்தபோது இராஜாக்கமங்கலத்தில் ஒரு கல்யாண வீட்டில் சந்தித்தோம். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், கண்ணாடி வந்திருந்தது. பந்தி முடிந்து பந்தலுக்கு வெளியே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். அவள் மகள் எழுதிய ஒரு கட்டுரையை போனில் காட்டினாள். அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலேயே ஆறாம் வகுப்புக் குழந்தை. ஒரு வரியில் செமிகோலனை ஆசிரியை சிவப்பு மையால் அடித்துக் கமா போட்டிருந்தார்.

"பிள்ள எழுதினதுதான் சரி," என்றேன்.

"சரிதான். ஆனா நான் போய்ச் சொல்லல்ல. அந்த டீச்சர் எனக்கப் பக்கத்து மேசைக்காரி."

"பிள்ளைட்ட என்ன சொன்ன?"

"நீ எழுதினது சரி, அடுத்த வருசம் வேற டீச்சர் வருவாங்கன்னு சொன்னேன்."

இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். பக்கத்தில் கைகழுவிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து அவள் புருஷன் கூப்பிட்டார். அவள் எழுந்து சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, போவதற்கு முன்பு என் தோளைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள்.