இறம்பொடைக்குச் சும்மா போன பிலோமினா

மத்தியானத் தேயிலைக் கொழுந்தைத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. கங்காணி போனைக் காதிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்தார். "ராசாத்தியக்கா, கூடையக் கீழ வைங்க. நம்ம பிலோமினாக்கா ஆஸ்பத்திரியில தவறிட்டாங்களாம்." நெஞ்சு வலிக்கிறது என்று காலையில்தான் கொண்டுபோயிருந்தார்கள். எனக்கு முதலில் வந்த நினைப்பைச் சொன்னால் திட்டுவீர்கள். டிவியில் ஒரு வெள்ளைக்காரப் பையனை ஆட்டு லொறியில் ஏற்றி, பாலைவனத்தின் நடுவில் நிறுத்தி, மீதி அடுத்த வாரம் என்று விட்டிருந்தார்கள். அன்று சாயங்காலம்தான் மீதி. அவன் ஊர் போய்ச் சேர்ந்தானா என்று இனி யாரோடு உட்கார்ந்து பார்ப்பேன் என்று நினைத்தேன். அதற்கப்புறம்தான் அழுகை வந்தது.

நம் தோட்டத்தில் பிலோமினாவைத் தெரியாதவர் இல்லை. பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்து, தாய்மார்கள் கொழுந்தெடுத்துவிட்டு வரும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள். இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு மூக்குத் துடைத்துவிட்டவள். இப்போது மீசை வைத்திருக்கிறோம் என்று மறுக்க வேண்டாம், நான் சாட்சி இருக்கிறேன்.

அவளுக்கு சீரியல் ஆகாது. முதுகில் ஒரு பை, கையில் கொஞ்சக் காசு, இன்றைக்கு எங்கே படுப்பது என்று தெரியாமல் தேசம் தேசமாக அலைகிறார்களே, அந்த நிகழ்ச்சிகள்தான் வேண்டும். தமிழில் குரல் கொடுத்துப் போடுவார்கள். வெள்ளைக்காரன் வாய் மூடின பிறகும் தமிழ் பேசிக்கொண்டிருக்கும். அதையும் ரசிப்பாள். அதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன். "பெரிய ஹோட்டல்ல படுக்கிறவனக் காட்டுனா வாயப் பொளந்து பாக்கத்தான் முடியும். பஸ்ஸ விட்டுட்டு முழிக்கிறவனக் காட்டுனா நம்மளும் பக்கத்துல போயி நிக்கலாம்" என்றாள். நிற்பதோடு விடுவாளா? "அட பாவி, அந்தக் கடையில திங்காதடா, ஈ மொய்க்குது பாரு!" என்று டிவியைப் பார்த்துக் கத்துவாள். அடுத்த காட்சியில் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவான். "சொன்னேனா இல்லியா?" என்று என் தொடையில் ஒரு அடி விழும்.

ஒருநாள் அப்படி ஒரு பையன் ஏதோ ஒரு மலையில் ஐஸ் தண்ணீரை ஊற்றிக்கொண்டு அலறினான். நான் சும்மா இருக்கவில்லை. "இதுக்கு எதுக்குடி அவ்வளவு தூரம் போறான்? நம்ம லயத்து வீட்டுக்கு வரச் சொல்லு. பச்சத்தண்ணி, ஒழுகுற தகரம், அட்டைக்கடி, எல்லாமே ஓசி."

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "அவன் நாளைக்கு வேற ஊருல இருப்பான் ராசாத்தி. அங்க அவன ஒருத்தருக்கும் தெரியாது. நானும் ஒருக்கா அப்பிடிப் போகணும். கோயிலுக்கில்ல, கல்யாணத்துக்கில்ல, செத்த வீட்டுக்கில்ல. சும்மா."

நம் ஆட்கள் சும்மா போவார்களா? வேன் பிடிப்போம், அண்டா ஏற்றுவோம், பாதி லயத்தை உள்ளே அடைப்போம், சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்புவோம். பிலோமினாவின் பயணத்துக்கோ ஒரே ஒரு நிபந்தனைதான். அந்த ஊரில் எங்கள் இருவருக்கும் சொந்தக்காரர் யாரும் இருக்கக் கூடாது.

"கந்தப்பளை?" என்றேன்.

"எங்க மதினி இருக்கா."

"ஹட்டன்?"

"ஒன் கொழுந்தன் இருக்காரு, மறந்துட்டியா?"

"பதுளை?"

"என் ஞானத்தாய் இன்னும் உசுரோட இருக்குடி."

இப்படிக் கழித்துக் கழித்து மிஞ்சியது இறம்பொடை. ஆளுக்கொரு பை. என் வீட்டுக்காரரிடம் நாளைக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். இரண்டு பஸ் மாறிப் போனோம்.

பஸ்ஸில் ஒரு பெரியவர் எங்கள் பைகளைப் பார்த்துவிட்டு, "எந்தத் தோட்டத்துலம்மா சாவு?" என்றார். சாவில்லை, சும்மா போகிறோம் என்றாள் பிலோமினா. முன்சீட்டுப் பெண் திரும்பி, "வீட்டுல சண்டையாக்கா?" என்றாள். நான் பிலோமினாவின் காதில் சொன்னேன். "பேசாம ஒரு பெரியப்பாவக் கொன்னுரு. ஒக்கார எடமாவது குடுப்பாங்க."

"போடி. பொய் சொல்லிட்டுப் போனா அதுவும் செத்த வீட்டுப் பயணந்தான்." நின்றுகொண்டே வந்தாள்.

இறம்பொடையில் இறங்கித் தேத்தண்ணி குடிக்கப் போனோம். கடைக்காரப் பெண் ஊர் லிந்துலைப் பக்கமா, எந்தத் தோட்டம், யார் மகள் என்று வரிசையாகக் கேட்டாள். தேத்தண்ணி ஆறுவதற்குள் முறையைக் கண்டுபிடித்துவிட்டாள். "அட, அப்பிடின்னா நீங்க எங்க மாமியாருக்குச் சின்னம்மா முறையில்ல? வாங்க, வீட்டுல தங்கிட்டுத்தான் போகணும்!" பிலோமினாவின் முகம் அப்போதுதான் நிஜமாகவே செத்த வீட்டு முகமானது. "பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா" என்று சொல்லி என் கையை இழுத்துக்கொண்டு ஓடி, ஒரு லொறிக்குப் பின்னால் ஒளிந்தாள். டிவியில் கரடிக்குப் பயந்து ஓடுவார்கள். நாங்கள் சொந்தத்துக்குப் பயந்து ஓடினோம்.

நீர்வீழ்ச்சிக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு சிங்கள ஆச்சி தன் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடுகிறாள் என்றார்கள். அவளும் கதவைத் திறந்ததும் "மல கெதரட்டத?" என்றுதான் கேட்டாள், சாவு வீட்டுக்கா என்று. "நே ஆச்சி, நிக்கங். பலன்ன ஆவே" என்றாள் பிலோமினா. சும்மாதான், பார்க்க வந்தோம் என்று அர்த்தம். ஆச்சி எங்களை மேலும் கீழும் பார்த்தாள். "ஹொந்தய்", நல்லது என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தாள். அதற்கு மேல் பேர்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் திரும்பி வந்தபோது லயத்து வாசலில் கூட்டம். அழுவதற்குத் தயாராகவே நின்றார்கள். "யாரு செத்தது?" என்று ஒருத்தி கேட்க, பிலோமினா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு சொன்னாள். "யாரும் சாகலடி. ரெண்டு பேரு பொழச்சு வந்திருக்கோம்." அந்தக் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும், பல தடவை சிரித்திருக்கிறீர்கள்.

அவள் அடக்கத்தன்று யாரும் சிரிக்கவில்லை. கொழும்பிலிருந்து வந்த பிள்ளைகள், கல்யாணம் கட்டிப் போன பிள்ளைகள், எல்லோரும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு "ஆயா, ஆயா" என்று கூப்பிட்டார்கள். ஃபாதர் ஜெபத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். இத்தனை பேர் கூப்பிட்டும் அவள் எழும்பாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

ஆனால் இறம்பொடையில் விடிந்த காலையைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் கண் விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. பிலோமினா பின்பக்கப் படியில், தலைகூட வாராமல், காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரே தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஆச்சி இரண்டு கோப்பை பால்தேத்தண்ணி வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஆறிப்போகிறதே என்று கூப்பிட வாயைத் திறந்தேன். அவள் முதுகைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன். என் கோப்பையை மட்டும் குடித்தேன். அவளுடையதில் ஆடை படிந்தது.

வெகுநேரம் கழித்து அவளே திரும்பினாள். "என்னடி, என்னைய ஒருத்தரும் கூப்பிடல?"

"இல்ல."

"நல்லா இருக்குடி" என்றாள். மறுபடி தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கூப்பிட்டவுடன் ஓடி வந்த பிலோமினா உங்கள் எல்லோரிடமும் இருக்கிறாள். வைத்துக்கொள்ளுங்கள். நான் கூப்பிடாமல் விட்ட பிலோமினா என்னிடம் இருக்கிறாள். அவளை யாருக்கும் பங்கு தருவதாக இல்லை.