ஏப்ரல் குளிரும் எலிசா சிஸ்டரின் அடுப்பும்

எலிசா சிஸ்டர் மேல் கந்தசாமிக்கு நாலு வருசக் கோபம்.

கரூர்ப் பக்கம் ஆயிரம் இலைக் கல்யாணத்துக்கு விறகடுப்பில் சமைத்த ஆள் அவன். பள்ளிக்கூடம் அஞ்சாவதோடு சரி. ஆனால் எந்தக் கட்டை எத்தனை நாழி தாங்கும் என்று கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவான். அமெரிக்கா வந்து சிஸ்டர் வீட்டு பேஸ்மென்டில் குடியேறிய முதல் வருசம், தொண்ணூத்தி நாலு அக்டோபர் முழுக்க, ஹாலில் குளிர் காய வைத்திருந்த, புகைக்குழாய் போட்ட இரும்பு விறகடுப்பை அவன்தான் பார்த்துக்கொண்டான். மாசக் கடைசியில் ஜெபக் கூட்டத்துக்குப் பத்துப் பேர் வந்திருந்தார்கள். கந்தசாமி ஒரு பெரிய கட்டையை உள்ளே தள்ளினான். சிஸ்டர் இடுக்கியோடு வந்து அதை எடுத்து வெளியே போட்டார்.

"அண்ணாச்சி, இனிமே இந்த அடுப்புல கை வைக்காதீங்க."

அவ்வளவுதான். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கிடையாது. எடிசனில் அவன் வேலை பார்த்த ஹோட்டலில் இந்தக் கதையைக் கேட்காத ஆள் பாக்கி இல்லை.

மற்றபடி அந்த அம்மாவைக் குறை சொல்ல நாக்கு வராது. நாகர்கோவில்காரர். வேலூரில் நர்ஸ் படிப்பு, குவைத்தில் அஞ்சு வருசம், அப்புறம் அமெரிக்கா. முதல் வேலை வடக்கே, முழங்கால் வரை பனி விழும் ஊரில். விறகடுப்பு பழகியது அங்கேதான். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இந்தப் பழைய வீட்டை வாங்கியபோது அடுப்பைப் பிடுங்கிப் போடச் சொன்னவர்கள் நிறைய. கேட்கவில்லை. கந்தசாமி வந்து இறங்கிய வாரமே அவனைக் காரில் கூட்டிப் போய், ஆபீஸ் ஆபீஸாக நின்று, அத்தனை ஃபாரத்தையும் நிரப்பிக் கொடுத்ததும் அவர்தான்.

தொண்ணூத்தி எட்டு ஏப்ரல். சிஸ்டரின் வீட்டுக்காரர் ஜெபதாஸுக்கு பைபாஸ் ஆபரேஷன் ஆகிப் பதினாறு நாள். லீவு தீர்ந்து சிஸ்டர் டூட்டிக்குக் கிளம்பினார். திங்கட்கிழமை கந்தசாமிக்கு ஹோட்டல் லீவு. அவனைத்தான் துணைக்கு வைத்தார்.

"இருமல் மட்டும் வரக் கூடாது அண்ணாச்சி. நெஞ்செலும்பைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கு, இன்னும் கூடல. ஹீட்டர் ரிப்பேர் பண்ண ஆள் புதன்கிழமைதான் வாரான். குளிருதுன்னா கம்பளி போத்துங்க. அடுப்பு வேண்டாம்."

பதினோரு மணிக்கு ஜெபதாஸ் ஆரம்பித்தார். வெளியே அரைக்கை சட்டையோடு ஆட்கள் ஓடிக்கொண்டிருக்க, இவருக்குப் பல் கிட்டியது.

"ஓய், ரெண்டு கம்பளி போத்தியும் நடுங்குது. ஆயிரம் பேருக்குப் பொங்கிப் போட்டவன்னு சொல்லுவீரே, ஒரு அடுப்பை மூட்டத் தெரியாதா?"

கந்தசாமிக்குச் சுருக்கென்றது. பெரிய குளிர் இல்லை, சிறு சூடு போதும். கல்யாண வீட்டில் சாம்பாரைச் சூடு ஆறாமல் வைக்கிற மாதிரிதான். தடிக்கட்டை ஒன்றை வைத்து, பற்றியதும் காற்றை அடைத்துவிட்டால் சாயந்தரம் வரை கனன்றுகொண்டே இருக்கும். அப்படியே செய்தான். காற்றுத் திறப்பை முழுக்கத் தள்ளி மூடினான்.

இருபது நிமிசத்தில் அடுப்புக் கதவின் இடுக்கில் புகை கசிந்தது. என்னவென்று பார்க்கக் கதவைத் திறந்தான். திரளாகக் குபுகுபுவென்று புகை அவன் முகத்தில் அடித்தது. கூரையில் அலாரம் கத்தத் தொடங்கியது. ஜெபதாஸ் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமினார். ஒவ்வொரு இருமலுக்கும் முகம் கோணியது.

அலாரம் ஒரு பக்கம், இருமல் ஒரு பக்கம். கந்தசாமிக்கு எங்கிருந்தோ பலம் வந்தது. ஆளை நாற்காலியோடு இழுத்து வாசலுக்குக் கொண்டு போனான். ஜன்னல்களைத் திறந்தான். கட்டையை இரும்புக் கரண்டியில் ஏந்திப் போய் முற்றத்து மண்ணில் எறிந்தான். அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டான்.

"சிஸ்டருங்க, தப்புப் பண்ணிட்டனுங்க..."

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "உதடு என்ன நிறமா இருக்கு? நீலமாவா?"

"இல்லீங்க. எப்பவும் போலத்தானுங்க."

"காயத்துல ரத்தம், நீர் ஏதாவது? நெஞ்சுக்குள்ள எலும்பு நொடுக்குநொடுக்குன்னு அசையுதுங்காரா?"

"இல்லீங்களாம்."

"பேசுதாரா?"

"என்னைக் கிழிகிழின்னு கிழிச்சிட்டிருக்காருங்க."

போனில் ஒரு நீண்ட மூச்சு. "அப்ப நல்லாத்தான் இருக்காரு."

அந்த மூச்சில் கந்தசாமிக்கும் பாதி உயிர் திரும்பி வந்தது. பிறகு சிஸ்டர் காரணத்தைச் சொன்னார்.

"பனிக்காலத்துல வெளியே குளிரு, உள்ளே சூடு. புகை தானா மேல ஓடும். இப்ப ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலக் கிடக்கு. புகைக்குழாய்க்கு இழுக்கத் தெம்பு இல்ல. அடக்கி எரிச்சா புகை திரும்பி நம்ம மூஞ்சிக்குத்தான் வரும். அந்த அக்டோபர் மாசம் பூரா நீங்க அடக்கி எரிச்சதுல, குழாய் சுத்தம் பண்ண வந்தவன் புகை படிஞ்சு இறுகின தாரு ஒரு வாளி சுரண்டினான். தீப்பிடிச்சிருந்தா வீடே போயிருக்கும்னான்."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"பத்துப் பேர் முன்னால, சமையக்காரருக்குத் தீ தெரியலன்னு சொல்லச் சொல்லுதியளா? அப்புறமா சொன்னா மட்டும் கேட்டிருப்பீங்களாக்கும்!"

கேட்டிருக்க மாட்டான்தான்.

மூன்றரைக்கு வந்த சிஸ்டர், ஸ்டெதஸ்கோப்பை வைத்து வீட்டுக்காரர் நெஞ்சை முன்னும் பின்னும் கேட்டார். தையலைப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. பிறகு கந்தசாமியைப் பக்கத்தில் உட்கார வைத்து, செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி அடுப்புக்குள் குழாய் தொடங்கும் மேல்வாயில் பிடித்தார். குழாய் சூடேறி, "உஸ்" என்று இழுக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் சுள்ளியை வைத்தார். காற்றை மூடவே இல்லை. சடசடவென்று எரிந்து முக்கால் மணியில் அடங்கியது. இரும்பு மட்டும் வெகு நேரம் சூடாக இருந்தது. ஜெபதாஸ் ஒரு கம்பளியைத் தள்ளிவிட்டுத் தூங்கிப்போனார்.

சிஸ்டர் இடுக்கியை எடுத்துக் கந்தசாமி கையில் கொடுத்தார்.

"நாளைக்கு ஹோட்டலுக்குப் போகுமுன்னே நீங்களே மூட்டுங்க அண்ணாச்சி. விரல் தண்டிச் சுள்ளி, ஒரு கைப்பிடி போதும். அணைஞ்சா அணையட்டும், மேல கட்டை போடாதீங்க."