மூன்று துளைகளுக்கு நடுவே

சாரதாம்பாள் எந்தத் தாள் கைக்கு வந்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். ஓய்வு பெறும்வரை ஒரு காப்பீட்டு அலுவலகத்தில், இழப்பீடு கேட்டு வருபவர்களைப் பார்க்கிற பிரிவில் இருந்தவர். முன்பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர்கள் எதிரே உட்கார்ந்து கண்கலங்கியதை நிறையப் பார்த்திருக்கிறார்.

கணவர் காலமான பிறகு, தெற்குமாசி வீதிப் பக்கத்து வாடகை வீட்டின் மாடிப்படி முழங்காலுக்கு ஒத்துவரவில்லை. கீழக்குயில்குடியில், மலையடிவாரத்தில் இருவரும் சேர்ந்து வாங்கிப் போட்ட மனை ஒன்று சும்மா கிடந்தது. அங்கே மாடியில்லாமல் ஒரு வீடு கட்டிக்கொண்டு போய்விடுவது என்று முடிவு செய்தார்.

மண்ணைச் சோதித்துத் தந்தவள் முத்துமீனா. கொட்டாம்பட்டிப் பக்கம் கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்துப் பெண். படித்து முடித்து, பசுமலையில் சொந்தமாகச் சோதனைக்கூடம் வைத்திருந்தாள். மனையில் மூன்று இடங்களில் துளை போட்டாள். மூன்றிலும் ஆள் உயர ஆழத்துக்குள் பாறை தட்டியது. அறிக்கை வந்ததும் வீடு கட்டும் ஒப்பந்தத்தை எடுத்திருந்த மொக்கைச்சாமி, மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்ற ஒற்றை எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சாரதாம்பாள் வழக்கம்போலக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். சிறிய எழுத்தில் நாலைந்து வரிகள் இருந்தன. துளை போட்ட இடத்தில் கண்டதைத்தான் சொல்கிறோம்; துளைகளுக்கு நடுவே இருப்பது எங்கள் ஊகம். வீட்டின் இடம் மாறினால் மறுபடி கேளுங்கள். தோண்டும்போது மண் வேறு மாதிரி தெரிந்தால் வேலையை நிறுத்திவிட்டுத் தகவல் சொல்லுங்கள்.

அதைப் படித்த பிறகு அவருக்கு ஒன்று உறுத்தியது. அறிக்கை வந்தபின் வாஸ்து பார்த்து வரைபடத்தில் வீட்டின் இடத்தைக் கொஞ்சம் தள்ளியிருந்தார்கள். வரைபடத்தின் மேல் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். சமையலறை மூலை மூன்று துளைகளையும் தாண்டி வெளியே நின்றது. மொக்கைச்சாமியிடம் சொன்னபோது, மலையடிவாரத்தில் எங்கே தோண்டினாலும் பாறைதான் என்று சிரித்தார். சாரதாம்பாள் சண்டை போடவில்லை. முத்துமீனாவுக்கு ஃபோன் செய்தார்.

அறிக்கையை வாங்கிக்கொண்டு போனவர்களில் யாரும் இப்படித் திரும்பக் கூப்பிட்டதில்லை என்று முத்துமீனா சொன்னாள். மறுநாளே வந்து அந்த மூலையில் குழி எடுக்கச் சொன்னாள். சரளையும் அதற்குக் கீழே பாறையும் வந்தன. மொக்கைச்சாமிக்குச் சந்தோஷம். "நான் அப்பவே சொன்னேன்லம்மா" என்றார். சாரதாம்பாளுக்கு வெட்கமாக இல்லை. பயந்த இடம் நன்றாக இருந்ததில் அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

ஐப்பசியில் தூண்களுக்குக் குழி எடுத்தார்கள். ஒரு நாள் காலை மொக்கைச்சாமியே கூப்பிட்டார். "அம்மா, ஹால் நடுக்குழியில கடப்பாரை சும்மா இறங்குது. ஒரு எட்டு வந்து பாத்துருங்க."

சாரதாம்பாள் தன் தம்பி ஹரிராமுடன் ஆட்டோவில் போனார். மற்ற குழிகளில் பாறை வெள்ளையாகத் தெரிந்தது. இந்த ஒன்றில் மட்டும் கறுப்பாகக் களிமண். அடியில் தண்ணீர் கசிந்து கொண்டிருந்தது. துளை போட்ட இடம் அங்கிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. எட்டிப் பார்த்தால் தெரிகிற தூரம். சாரதாம்பாள் முத்துமீனாவுக்கு ஃபோன் செய்தார். மூலையைப் பற்றித்தானே கவலைப்பட்டோம், நட்ட நடுவை நினைக்கவே இல்லையே என்று நின்றார்.

முத்துமீனா வந்து, நேராகக் குழிக்குள் இறங்கினாள். களிமண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தாள். கம்பியைக் குத்திக் குத்தி ஆழம் பார்த்தாள். மேலே ஏறி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"துளைக்குள்ள இருந்தத சரியாத்தேன் எழுதிருக்கேம்மா. ஒரு துளைக்கும் இன்னொரு துளைக்கும் நடுவுல பாறை சமமா ஓடும்னு நெனச்சேன். ரெண்டு பாறைக்கு நடுவுல பள்ளம் விழுந்து, மண்ணு அடைஞ்சு கெடக்கு. எனக்குத் தெரியல."

ஹரிராமுக்குக் கோபம். வீட்டில் பேசுகிற சௌராஷ்டிர மொழியில், இந்தப் பெண்ணைச் சும்மா விடக் கூடாது, கண்ணுக்கு முன்னால் இருக்கிற பள்ளத்தைச் சொல்லாத அறிக்கை எதற்கு என்று அக்காவிடம் கேட்டார். சாரதாம்பாள் முத்துமீனாவுக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே பதில் சொன்னார்.

"பாலிசி எடுத்தா காய்ச்சலே வராதுன்னு நான் யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்ல ஹரி. மூணு இடத்துல பாத்தேன்னு எழுதியிருக்கா. பாத்திருக்கா. மிச்சத்தப் பாக்கலன்னும் அவளேதான் எழுதியிருக்கா." பிறகு முத்துமீனா பக்கம் திரும்பினார். "இப்ப என்னம்மா செய்யணும்?"

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் போல அவள் சொல்லத் தொடங்கினாள். களிமண் முழுவதையும் எடுத்துவிட்டுப் பாறை தட்டும்வரை போக வேண்டும். அங்கிருந்து வழக்கமான மட்டம்வரை கான்கிரீட்டால் நிரப்ப வேண்டும். பள்ளம் எதுவரை போகிறது என்று தெரிய, சுற்றிலும் இன்னும் சில துளைகள் போட வேண்டும். அப்படியே செய்தார்கள். புதிதாகப் போட்ட துளைகளில் ஒன்றில் களிமண் வந்தது, மற்றவற்றில் வரவில்லை. பக்கத்துத் தூணையும் ஆழமாக இறக்கினார்கள். முதலில் சரளையைக் கொட்டி இடித்து இறுக்கிவிடலாம் என்று சொல்லிப் பார்த்த மொக்கைச்சாமி, பிறகு எல்லாக் குழிக்கும் அவளை வரச் சொல்லிக் காட்டிவிட்டே கம்பி கட்டினார்.

தையில் முடிந்திருக்க வேண்டிய வீடு வைகாசிக்குத் தள்ளிப்போனது. ஹரிராம் பால் காய்ச்சுகிற அன்று காலையிலேயே வந்து, ஹாலின் தரையைக் குதிகாலால் ஓங்கி மிதித்துப் பார்த்தார். சாரதாம்பாள் பார்க்காதது போல இருந்துகொண்டார். முத்துமீனா சாப்பிட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தில் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போதெல்லாம் அறிக்கை கொடுக்கும்போது அந்தக் கடைசி வரிகளை வாயாலும் சொல்லிவிடுகிறாளாம். பாதிப்பேர் அந்த நேரம் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றாள்.

குடிவந்து சில மாதம் கழித்துப் பக்கத்து மனைக்காரர் முத்திருளன் வந்தார். நடுவில் ஒரு சுவர்தானே, அந்த மண் அறிக்கையை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். சாரதாம்பாள் அவரை உட்கார வைத்துக் காபி கொடுத்தார். ஹால் நடுவைக் காட்டி நடந்ததை எல்லாம் சொன்னார். "இது என் மண்ணுக்கே முழுசா பத்தலண்ணே, உங்க மண்ணுக்கு எப்படிப் பத்தும்?" என்று சொல்லி, முத்துமீனாவின் எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

முத்திருளன் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, யோசித்துச் சொல்வதாகக் கிளம்பினார். முத்துமீனாவைக் கூப்பிட்டாரா என்று சாரதாம்பாளுக்கு இன்னும் தெரியாது.