பெருநாளுக்குக் கழுவிய கடை

பலாபத்வலையில் வாப்பா விட்டுப்போன மிளகுக் கடை, ரோட்டை அகலமாக்க அடித்த கோட்டுக்குள் மாட்டிக்கொண்டது. இடித்துவிட்டு, பின்னால் உள்ள காணியில் கொங்கிரீட் கடை கட்டி ஷட்டர் போடலாம் என்றார் எனக்கு மூத்தவரான நானா. நான் விடவில்லை. நூறு வருஷம் தாண்டிய மரக்கடை, கழற்றி அப்படியே கொண்டுபோய் நிறுத்துவோம் என்று சண்டை பிடித்தேன்.

"சரி. ஒரு பிசகு வந்தாலும் கொங்கிரீட்தான்" என்று நானா இறங்கி வந்தார்.

வஹகோட்டையிலிருந்து தச்சு பாஸ் ஒருவர் வந்தார். அதிகம் பேசாத ஆள். ஒவ்வொரு மரத்துக்கும் வெண்கட்டியால் இலக்கம் போட்டுக் கழற்றி, புதிய இடத்தில் தூணையும் கூரையையும் நிறுத்திவிட்டார். முகப்பை அடைக்கும் பதினெட்டுப் பலகைகள் மட்டும் எங்கள் வீட்டு வராந்தாவில் மிச்சம்.

நோன்புப் பெருநாள் நெருங்கியது. பெருநாள் என்றால் எங்கள் வீட்டில் கழுவக்கூடிய எதுவும் தப்பாது. சவர்க்காரமும் பிரஷுமாக இறங்கினேன். கதிரை, மேசை, கோழிக்கூடு, அதே வேகத்தில் பலகைகளும். கடைசிப் பலகையில் தண்ணீர் ஊற்றும்போதுதான் வெள்ளையாக ஏதோ வழிந்தது. எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்தேன், பாஸ் போட்ட இலக்கம் ஒன்றுகூட மிச்சமில்லை.

பெருநாள் முடிந்து பாஸ் வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன். "நான்தான் கழுவிட்டேன் பாஸ். நானாவுக்குத் தெரிஞ்சா கடை போச்சு."

அவர் ஏசவில்லை. பலகைகளைச் சுவரோடு நிமிர்த்தி, ஓரங்களை விரலால் தடவிக்கொண்டே போனார்.

"பக்கத்துப் பலகையோட உரசி உரசித் தேஞ்சது தங்கச்சி. ஜோடி மாறாது."

உண்மைதான். ஒன்றின் ஓரம் உள்வாங்கிய இடத்தில் அடுத்தது புடைத்திருந்தது. ஒரு பலகை மட்டும் இடுப்புயரத்தில் பளபளத்தது. தினமும் முதலில் கழற்றுவது அதுதான் என்றார். வாப்பாவின் கை பட்ட இடம். அவ்வளவு நாள் பார்த்தும் என் கண்ணில் படவில்லையே என்று அழுகை வந்தது. பகல் சாப்பாட்டுக்குள் பதினெட்டும் வரிசைக்கு வந்துவிட்டன. இப்படியொரு மனுஷனை நான் கண்டதில்லை. சாப்பிட்ட பிறகு உளிச் சத்தம் கேட்டது. வேறு ஏதோ வேலை என்று விட்டுவிட்டேன்.

மாலையில் பலகைகளைக் கடைக்குக் கொண்டுபோனோம். நானா வந்து ஒவ்வொன்றையும் தானே முகப்பின் காடிப் பள்ளத்துக்குள் தள்ளிப் பார்த்தார். ஒன்றும் சிக்கவில்லை.

"பிசகு ஒன்னும் வரலியே?"

"இல்லீங்க முதலாளி." பாஸ் என் பக்கம் திரும்பவேயில்லை.

அவர்கள் போன பிறகு கடைக்குள் நின்று பார்த்தேன். ஒவ்வொரு பலகையின் பின்பக்கத்திலும் இலக்கம், உளியால் ஆழமாக வெட்டியிருந்தது. அடுத்த பெருநாளுக்கும் நான் கழுவுவேன் என்று மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது.